பிளாக்பெரியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

தந்தி வாயிலாகச் செய்தி அனுப்பிய காலத்தில் வாழ்ந்த நம் முன்னோர் சொற்சிக்கனத்தில் வல்லவராய் இருந்தனர். சொல்லுக்கு இவ்வளவு காசு என்று தபாற் கந்தோரில் அறவிட்டமையால், பிறப்பும் மணமும் இறப்பும் நான்கைந்து சொற்களுள் அடங்கின. வழி ஒடுங்கியதாயின் அவ்வழியே செல்லும் பொருளும் சுருங்குதல் வேண்டும் என்பதை அக்காலத்தார் எவரும் சொல்லிக் கொடாமலே அறிந்திருந்தனர். பின்னர்த் தொலைபேசி பரவிற்று, வழி அகன்றது, சுருங்கச் சொல்லும் அத்திறமை வேண்டாததொன்றாயிற்று. இந்தியாவிலே தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டபோது, கடைசி நாளில் அதனைப் பயன்படுத்தியோருட் பலர் ஞாபகார்த்தமாகவே தந்தி அடித்தனர்.

தந்திக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்ற இம்மாற்றம், கனடா நாட்டுக் கம்பனியொன்றின் வாழ்விலே கால் நூற்றாண்டுக்குள் நிகழ்ந்து முடிந்தது. பிளாக்பெரி என்பது அக்கம்பனி ஆக்கிய கைத்தொலைபேசியின் பெயர். இன்று கல்லூரிகளிற் பயிலும் மாணவர்களுட் பெரும்பாலார் அதனைக் கண்ணாற் கண்டிரார். பழைய மாணவர்களுள்ளே, 2005ஆம் ஆண்டையடுத்த காலத்தில் வங்கிகளிலும் பெருங் கம்பனிகளிலும் பணியாற்றியோர், அதனை இடுப்பு வாரிலே செருகித் திரிந்திருத்தல் கூடும். மின்னஞ்சலை மனிதனின் சட்டைப்பைக்குக் கொண்டுவந்து, அதனை உலகம் முழுவதும் பழக்கப்படுத்திய கருவி அதுவேயாகும். அதன் வீழ்ச்சிக்கு அப்பிள் கம்பனியின் ஐபோன் காரணம் என்பர். அது பொய்யன்று, எனினும் முழு உண்மையுமன்று. பிளாக்பெரியை உயர்த்திய குணம் எதுவோ அக்குணமே அதனைத் தாழ்த்திற்று என்பது எமது துணிபு. அக்குணமாவது சிக்கனம். அஃது எவ்வாறு என்பதனைக் காண்பாம்.

இக்கருவியின் மூலகர்த்தாவாகிய மைக் லசாரிடிஸ் 1961ஆம் ஆண்டில் இஸ்தான்புல் நகரிலே கிரேக்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஐந்து வயதிற் பெற்றோருடன் கனடாவிற் குடியேறி, ஒன்ராறியோ மாகாணத்து வின்சர் நகரில் வளர்ந்தார். இளமையிலேயே அந்நகர நூலகத்திலுள்ள விஞ்ஞான நூல்களை எல்லாம் படித்து முடித்துப் பரிசு பெற்றவர் என்பர். அவர் பாடசாலையிற் பயின்ற காலத்தில், மின்னணுவியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர், கணனியோடு மாத்திரம் நின்றுவிடாதே. கம்பியில்லாத் தொடர்பையும் கணனியையும் எவன் இணைக்கின்றானோ அவன் பெரியதொன்றைச் செய்வான் என்னும் கருத்துப்படக் கூறினாராம். இதனைப் பிற்காலத்தில் லசாரிடிஸ் நன்றியுடன் பலகாற் சொல்லியுள்ளார். வகுப்பறையிற் போகிற போக்கிற் சொல்லும் ஒரு வார்த்தை எங்கே சென்று முளைக்கும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிய வகையில்லை.

வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்ற அவர், பட்டம் பெறச் சிறிது காலமே எஞ்சியிருந்த நிலையிற் படிப்பைவிட்டு, 1984இல் தம் இளமை நண்பர் டக்ளஸ் பிரெகினுடன் சேர்ந்து றிசேர்ச் இன் மோஷன் என்னும் கம்பனியைத் தொடங்கினார். மாணவர்கள் இதனை முன்மாதிரியாகக் கொள்ளுதல் வேண்டும் என்று யாம் கூறவில்லை. அதே பல்கலைக்கழகத்துக்கு 2003இல் அவர் வேந்தராக வந்தமையையும் சேர்த்தே படித்துக் கொள்க. முதற் சில ஆண்டுகளில் அக்கம்பனி கையிற் கிடைத்த வேலையையெல்லாம் செய்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் ஆலைக்கு ஒளிரும் அறிவிப்புப் பலகைகள் செய்தது; திரைப்படச் சுருளின் விளிம்பிலுள்ள குறியீடுகளை வாசிக்கும் பொறியொன்றும் செய்தது. இப்பொறிக்குப் பின்னர் ஹொலிவுட் திரைப்படக் கழகத்தின் தொழினுட்பப் பரிசும் கிடைத்தது. 1992இல் ஜிம் பால்சிலி என்னும் கணக்கியல் வல்லுநர் தம் வீட்டை ஈடுவைத்துப் பணம் கொண்டுவந்து சேர்ந்தார். லசாரிடிஸ் பொறியியலையும் பால்சிலி வாணிகத்தையும் கவனித்தனர். ஒரு கம்பனிக்கு இரு தலைவர் என்னும் இவ்வேற்பாடு ஏறக்குறைய இருபதாண்டு நீடித்தது.

இனி, சிக்கனம் எங்கே பிறந்தது என்பதைக் கூறுவாம். 1980ஆம் ஆண்டுகளிலே சுவீடன் நாட்டுத் தொலைத்தொடர்புத் திணைக்களமும் எரிக்சன் கம்பனியும் மொபிற்றெக்ஸ் என்னும் கம்பியில்லா வலைப்பின்னலை ஆக்கின. அது குரலைக் கொண்டு செல்வதன்று. எழுத்துச் செய்தியை மட்டும் சிறு பொட்டலங்களாக்கிக் கொண்டு செல்வது. அதன் வேகம் வினாடிக்கு 8,000 இருமக் குறிகள். ஆங்கில எழுத்தொன்றுக்கு எட்டுக் குறியென வைத்து எண்ணினால், வினாடிக்கு ஆயிரம் எழுத்து. இந்த ஆயிரத்தையும் ஒரே கோபுரத்தின் கீழுள்ளார் யாவரும் பங்கிட்டுக் கொள்ளல் வேண்டும். இன்றைய கைத்தொலைபேசியில் ஒரு சிறு நிழற்படத்தை அனுப்புதற்கு அக்காலத்து மொபிற்றெக்ஸ் அரைமணி நேரத்துக்குமேல் எடுத்திருக்கும். பெரிய கம்பனிகள் பல இவ்வொடுங்கிய வழியை மதித்தில. வாட்டர்லூப் பொறியியலாளரோ அவ்வழியிலேயே பல ஆண்டு உழன்று, அதன் ஒவ்வோர் இயல்பையும் கற்றுக்கொண்டனர். ஓர் எழுத்தையும் வீணாக்கலாகாது, ஒரு துளி மின்சாரத்தையும் வீணாக்கலாகாது என்பது அவர்தம் நெஞ்சிற் பதிந்த விதியாயிற்று.

அவ்விதியின் பயனாய், 1996இல் இருவழிப் பேஜர் ஒன்று வெளிவந்தது. அக்காலத்துப் பேஜர்கள் செய்தியைப் பெறுதற்கே பயன்பட்டன. இதிலோ விடையும் எழுதலாம். அதன் வழிவந்த கருவிகளைக் கொண்டு 1999ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிளாக்பெரி என்னும் மின்னஞ்சற் சேவை தொடங்கிற்று. சுவர்க்கடிகாரத்துக்கு இடும் அளவினதாகிய மின்கலம் ஒன்றே அக்கருவியை வாரக்கணக்கில் இயக்கிற்று. அதன் விசைப்பலகை மற்றொரு புதுமை. உள்ளங்கையளவான பொருளில் முழு எழுத்துப் பலகையையும் எவ்வாறு அமைப்பது என்பது அந்நாளிற் பெரும் வினா. வேறு கம்பனியார் எழுதுகோல் கொண்டு திரையிற் கீறும் முறையை நாடினர். பத்து விரலையும் விட்டு இரு பெருவிரல்களை மட்டும் எண்ணினால் சிறிய பலகையே போதும் என்று லசாரிடிஸ் கண்டார். கருவியை இரு கையாலும் ஏந்தியவன் பெருவிரல்கள் வேறு வேலையின்றி அதன்மேற் கிடக்கின்றன அல்லவா? விசைகளைச் சிறிது சரித்து, ஒவ்வொன்றையும் விரல் தானே இனங்காணும்படி முதுகு வளைத்து அமைத்தனர். அவை நெருங்கிக் கிடந்த தோற்றம், பல சிறு மணிகள் திரண்டமைந்த பிளாக்பெரிப் பழத்தை நினைப்பூட்டிற்று; பெயர் சூட்டுதலையே தொழிலாகக் கொண்ட கலிபோர்னியக் கம்பனியொன்று அப்பெயரைத் தெரிந்து கொடுத்தது.

எனினும் பிளாக்பெரியின் உயிர்நிலை அதன் விசைப்பலகையன்று. மடல் வந்து சேர்ந்த முறையே அதன் உயிர்நிலையாகும். சாதாரண முறையிலே, கருவியானது அடிக்கடி அஞ்சற் கணனியை அழைத்துப் புதிய மடல் உண்டா என்று வினவுதல் வேண்டும். இல்லை என்னும் விடையைப் பெறுதற்கும் மின்சாரமும் வழியும் செலவாகும். பிளாக்பெரியோ வினவுவதில்லை, மடல் வந்தவுடன் அது தானே கருவியைத் தேடி வரும். நாள்தோறும் தபாற் கந்தோருக்கு நடந்து சென்று கேட்டு வருதற்கும் தபாற்காரன் படலையிலே மணி அடித்தற்கும் உள்ள வேறுபாடு இது.

இதனை நடத்துதற்கு மூன்று உறுப்புக்கள் இருந்தன. முதலாவது, வாடிக்கைக் கம்பனியின் கந்தோரிலே அஞ்சற் கணனியின் அருகில் நிறுவப்பட்ட பிளாக்பெரிச் சேவைக் கணனி. புதிய மடல் வந்தால் அது மடலைச் சுருக்கி, மறைகுறியாக மாற்றி அனுப்பும். நீண்ட மடலாயின் முதலில் இரண்டாயிரம் எழுத்தளவே செல்லும். வாசிப்பவன் மேலும் வேண்டினாலே மிகுதி வரும். இரண்டாவது, வாட்டர்லூவில் இருந்த இடைநிலையம். உலகின் எப்பகுதியில் எக்கருவி எந்த வலைப்பின்னலில் உள்ளது என்பதை அது அறிந்திருந்து, மடலை அங்கே செலுத்தும். மூன்றாவது, கையிலுள்ள கருவி. மறைகுறியைத் திறக்கும் திறவுகோல் வாடிக்கைக் கம்பனியின் கணனியிலும் கருவியிலும் மட்டுமே இருந்தது. இடைநிலையத்தாரும் மடலை வாசித்தல் இயலாது. வங்கியாளரும் சட்டத்தரணிகளும் அரசாங்கத்தாரும் இக்கருவியை நம்பியமைக்கு இதுவே காரணம். 2010இல் ஐக்கிய அரபு அமீரகமும் இந்தியாவும் தம் பாதுகாப்பின் பொருட்டு மடல்களைப் பார்க்கும் வழி கேட்டு வற்புறுத்தியபோது, கம்பனி மடல்களைத் திறக்கத் தம்மிடம் திறவுகோல் இல்லை என்று கூறியமையும் இவ்வமைப்பினாலேயே.

இந்த இடைநிலையம் மற்றொரு பயனையும் தந்தது. மடல்கள் யாவும் அதன் வழியே சென்றமையால், தொலைபேசிச் சேவைக் கம்பனிகள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு சிறு கட்டணத்தை வாட்டர்லூவுக்குச் செலுத்தின. கருவியை ஒருமுறை விற்று முடிந்தபின்னரும் வருவாய் நிற்கவில்லை. இதனை வாசிப்போர் மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதுவே ஒரு தளையாயிற்று.

2001ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க்கிலும் வாஷிங்ரனிலும் தாக்குதல் நிகழ்ந்தபோது, தொலைபேசிகள் நெருக்கடியாற் பயன்படாது போயின. பேச்சுக்குரிய வழி அடைபட்டபோதும் எழுத்துக்குரிய ஒடுங்கிய வழி திறந்திருந்தது. பிளாக்பெரிக் கருவிகள் செய்தியைக் கொண்டு சென்றன. அதன்பின் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு அக்கருவி வழங்கப்பட்டது. 2002இல் அதனோடு தொலைபேசியும் சேர்ந்தது. அதனை விட்டுப் பிரியமாட்டாதாரை நோக்கி, போதைப் பொருளொன்றின் பெயரோடு இணைத்துக் கிராக்பெரி என்று எள்ளினர். 2006இல் அமெரிக்க அகராதியொன்று அச்சொல்லை அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தது. ஒபாமா 2009இற் சனாதிபதியானபோதும் தம் பிளாக்பெரியைக் கைவிட இசையாது, பாதுகாப்பு மிகுத்த கருவியொன்றைப் பெற்றுக்கொண்டார்.

இடையில் ஓர் இடர் வந்தது. என்.ரி.பி. என்னும் கம்பனி, கம்பியில்லா மின்னஞ்சல் தொடர்பான ஆக்கவுரிமைகள் தன்னுடையன என்று 2001இல் அமெரிக்க நீதிமன்றில் வழக்கிட்டது. அக்கம்பனி கருவி எதனையும் ஆக்கி விற்றதன்று. ஐந்தாண்டு இழுபட்ட வழக்கு, சேவையே நிறுத்தப்படலாம் என்னும் அச்சத்தை ஊட்டி, 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 61 கோடியே 25 இலட்சம் டொலர் கொடுத்தபின் தீர்ந்தது. அவ்வளவு பெருந்தொகையைக் கொடுத்தும் கம்பனி தளரவில்லை. அதன் செல்வநிலை அத்தகையதாய் இருந்தது.

2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி ஸ்ரீவ் ஜொப்ஸ் ஐபோனைச் சான் பிரான்சிஸ்கோவிலே அறிமுகஞ் செய்தார். வாட்டர்லூவில் அதனை எவ்வாறு நோக்கினர் என்பதே இவ்வரலாற்றின் மையம். ஐபோனிலே விசைப்பலகை இல்லை. கண்ணாடியில் விரலை வைத்து எழுதுதல் வேண்டும். மின்கலம் ஒரு நாளைக்கு மேற் செல்லாது. இணையத்தின் முழுப் பக்கத்தையும் அப்படியே இறக்குவதால் வலைப்பின்னலை அது விழுங்கிவிடும். கம்பனிகளுக்கு வேண்டிய மறைகாப்பும் போதாது. இவை யாவும் மெய்யே. லசாரிடிஸ் அதனைப் பிரித்துப் பார்த்து, ஒரு முழுக் கணனியையே உள்ளே வைத்திருக்கின்றனர் என்று வியந்தாரென, அக்கம்பனியின் வரலாறாக 2015இல் வெளிவந்த நூல் கூறும். எனினும் தொலைபேசிக் கம்பனிகள் இத்துணைச் சுமையைத் தம் வலைப்பின்னலில் ஏற்க உடன்படா என்று அவரும் அவருடைய பொறியியலாளரும் எண்ணினர்.

அவர் கணக்கிலே பிழை இருந்தது என்று கூறுவதற்கில்லை. ஐபோனை ஏற்ற ஏ.ரி.அன்ட் ரி. கம்பனியின் வலைப்பின்னல் நியூயோர்க், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் உண்மையாகவே திணறிற்று. ஆயினும் வாடிக்கையாளர் ஐபோனைக் குறைகூறினாரல்லர், ஏ.ரி.அன்ட் ரி. கம்பனியைக் குறைகூறினர். அக்கம்பனி வழியை அகலமாக்கத் தொடங்கிற்று. அகலமான வழியை விற்றலே பெரிய வாணிகம் என்பதைப் பிற கம்பனிகளும் கண்டன. ஒடுங்கிய வழி என்றும் ஒடுங்கியே இருக்கும் என்னும் எடுகோளின் மேல் நின்ற கட்டடத்துக்கு அத்திவாரம் அன்றே அசைந்தது. பண்டத்தைப் பொட்டலங் கட்டும் கலையில் வல்லவன் ஒருவன், பெருந்தெரு திறக்கப்பட்ட பின்னரும் ஒற்றையடிப் பாதைக்கு அளவாகவே கட்டிக்கொண்டிருந்த கதை இது.

வியப்பு என்னவெனில், அவ்வசைவு கணக்கேட்டில் நான்காண்டு தோன்றவில்லை. கம்பனியின் கணக்காண்டு மாசி மாதமளவில் முடிவது. 2008இல் முடிந்த ஆண்டின் விற்பனவு ஏறக்குறைய 600 கோடி டொலர். அடுத்த ஆண்டு 1,100 கோடி. அதற்கடுத்து 1,500 கோடி. 2011இல் 2,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. அவ்வோராண்டில் மட்டும் 5 கோடியே 23 இலட்சம் கருவிகள் சென்றன. எதிரி களத்திலே புகுந்த பின்னர் விற்பனவு மும்மடங்குக்கு மேற் பெருகியது. ஆண்டறிக்கையை மட்டும் படிப்பவன், இக்கம்பனிக்கு ஆபத்து வந்தது என்று எவ்வாறு நம்புவான்?

அப்பெருக்கத்தின் காரணத்தை ஆராய்ந்தால் மீண்டும் சிக்கனத்தையே காண்போம். இந்தோனேசியா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தென்னமெரிக்க நாடுகள் முதலியவற்றில் வலைப்பின்னல் இன்னும் ஒடுங்கியதாகவே இருந்தது. தரவைச் சுருக்கி அனுப்பிய பிளாக்பெரியை அங்குள்ள சேவைக் கம்பனிகள் குறைந்த மாதக் கட்டணத்தில் வழங்க முடிந்தது. இளைஞர் அதனை விரும்பியமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2005இல் தோன்றிய பி.பி.எம். என்னும் செய்திப் பரிமாற்ற முறையில், ஒருவர் அனுப்பிய செய்தி மற்றவர்க்குச் சேர்ந்ததா, அவர் அதனை வாசித்தாரா என்பதும் தெரிந்தது. இன்று வட்ஸ்அப்பிலே சரிக்குறி நிறம் மாறுவதைப் பார்த்து மனங்கலங்குவோர், அக்கலக்கத்தின் பிறப்பிடம் பி.பி.எம். என அறிவாராக. ஆனால் பி.பி.எம். பிளாக்பெரி வைத்திருப்போர்க்கு மட்டுமே உரியதாய் இருந்தது. 2009இற் புறப்பட்ட வட்ஸ்அப் எத்தொலைபேசியிலும் இயங்கிற்று.

ஐபோனுக்கு விடையாக வாட்டர்லூ அனுப்பியது ஸ்ரோம் என்னும் கருவி. ஏ.ரி.அன்ட் ரி. கம்பனியிடம் ஐபோன் இருந்தமையால், அதன் போட்டிக் கம்பனியாகிய வெரைசன் தனக்கும் தொடுதிரைக் கருவியொன்று வேண்டுமென்று நெருக்கியது. அவசர அவசரமாகச் செய்யப்பட்டு 2008ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் அது வெளிவந்தது. அதன் அமைப்பு நுணுகி நோக்கற்பாலது. விசைப்பலகையின் தொடுகையுணர்வை விடமனமில்லாத பொறியியலாளர், திரை முழுவதையும் ஒரே விசையாக்கினர். எழுத்தைத் தொட்டாற் போதாது. கண்ணாடி முழுவதையும் கீழே அழுத்தல் வேண்டும். வேகமாக எழுதப் புகுந்தார்க்கு அது சேற்றிலே நடப்பது போலாயிற்று. வீட்டிலுள்ள வை-பை இணைப்பைப் பயன்படுத்தும் வசதியும் அதில் இருக்கவில்லை. மென்பொருளும் தடுமாறிற்று. முன்னர்க் குறித்த வரலாற்று நூலின்படி, விற்ற கருவிகளுட் பெரும்பாலனவற்றை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. வெரைசன் கம்பனி மனம் வெறுத்து, அடுத்த ஆண்டில் கூகிளின் அன்ட்ரொயிட் மென்பொருளில் இயங்கிய மொட்டரோலாக் கருவிக்குத் தன் விளம்பரப் பலம் முழுவதையும் அளித்தது. ஒரு கருவி பிழைத்தமை மட்டும் இழப்பன்று. அமெரிக்காவிற் பிளாக்பெரிக்குத் துணைநின்ற பெருங் கை அன்ட்ரொயிட்டின் பக்கம் சென்றமையே பேரிழப்பு.

இஃது ஒருபுறமாக, 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அப்பிள் செயலிக் கடையைத் திறந்தது. எவரும் ஐபோனுக்குச் செயலி எழுதி விற்கலாம் என்றாயிற்று. பிளாக்பெரியின் கடை 2009 ஏப்ரிலிலே திறந்தது. ஒன்பது மாதப் பிந்துகை பெரிதன்று. உண்மையான தடை வேறிடத்தில் இருந்தது. பிளாக்பெரியின் மென்பொருள் சிறு நினைவகத்திலும் சிறு மின்கலத்திலும் இயங்குமாறு பல ஆண்டு செதுக்கப்பட்டது. அதன்மேல் அழகிய, பெரிய செயலிகளை எழுதுதல் எழுதுவோர்க்குத் துன்பமாயிற்று. அதனை விட்டுப் புதிய அடித்தளம் தேடியே கம்பனி 2010இல் கியூ.என்.எக்ஸ். என்னும் மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது. அந்நிறுவனத்தைத் தொடங்கியவரும் வாட்டர்லூப் பல்கலைக்கழக மாணவர் இருவரே என்பது குறிப்பிடத்தக்கது. நோயை அறிந்தனர், மருந்தையும் அறிந்தனர். மருந்து தயாராக ஏறக்குறைய மூன்றாண்டு சென்றது.

அம்மூன்றாண்டில் நேர்ந்தன பல. பிளேபுக் என்னும் கைப்பலகைக் கணனி 2011 ஏப்ரிலில் வெளிவந்தது. மின்னஞ்சலாற் புகழ் பெற்ற கம்பனியின் கணனியிலே மின்னஞ்சற் செயலி இருக்கவில்லை. அருகிற் பிளாக்பெரித் தொலைபேசி ஒன்றை வைத்திருந்தாலே மடல் வாசிக்கலாம். விற்காது தேங்கிய பிளேபுக்குகளுக்காக அவ்வாண்டு டிசெம்பரில் 48 கோடியே 50 இலட்சம் டொலர் நட்டமாக எழுதப்பட்டது. அதற்கு முன், ஒக்ரோபர் மாதம் 10ஆந் திகதி, இங்கிலாந்தின் ஸ்லௌ நகரிலிருந்த இடைநிலையத்தில் ஒரு பொறி பழுதுற்றது. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆபிரிக்கா, இந்தியா, ஈற்றில் வட அமெரிக்கா என எங்கும் சேவை நாட்கணக்கிற் குலைந்தது. எல்லா மடலும் ஒரு வாயில் வழியே செல்வது சிக்கனம். அவ்வாயில் அடைபட்டால் எல்லா மடலும் நிற்கும் என்பது அச்சிக்கனத்தின் மறுபக்கம். இதற்கு முந்திய ஆண்டுகளிலே பால்சிலி பனிவளைகோற் பந்தாட்டக் குழுவொன்றை விலைக்கு வாங்க ஆண்டுக்கணக்கில் முயன்றமையையும் சிலர் குற்றமாக எடுத்துரைப்பர். யாம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

பால்சிலியிடம் ஒரு நல்ல திட்டம் இருந்தது என்றே கருதுகின்றோம். பி.பி.எம். முறையை எல்லாத் தொலைபேசிகளுக்கும் திறந்துவிட்டு, சேவைக் கம்பனிகள் வாயிலாக அதனை விற்கலாம் என்று அவர் எண்ணினார். ஆனால் பிளாக்பெரியை வாங்குவதற்கு மக்களுக்கு எஞ்சியிருந்த காரணம் பி.பி.எம். ஒன்றே, அதனையும் பிறர்க்குக் கொடுத்தால் கருவி விற்குமா, மாதக் கட்டணம் வருமா என்பது மற்றையோர் அச்சம். 2012 ஜனவரியில் இரு தலைவரும் பதவி நீங்கினர். புதிய தலைவரான தோர்ஸ்டன் ஹைன்ஸ் அத்திட்டத்தைக் கைவிட, பால்சிலி பணிப்பாளர் சபையிலிருந்தும் விலகினார். முடிவில் பி.பி.எம். ஏனைத் தொலைபேசிகளுக்குத் திறக்கப்பட்டது 2013 ஒக்ரோபரிலே. அதற்குள் உலகம் வட்ஸ்அப்பிற் குடியேறிவிட்டது.

2013 ஜனவரி 30ஆந் திகதி புதிய மென்பொருளும், அதில் இயங்கும் தொடுதிரைக் கருவியொன்றும் விசைப்பலகைக் கருவியொன்றும் அறிவிக்கப்பட்டன. கம்பனியும் தன் பெயரைப் பிளாக்பெரி என மாற்றிக்கொண்டது. கருவி நல்லதே, காலம் கடந்துவிட்டது. செயலி எழுதுவோர் ஐபோனுக்கும் அன்ட்ரொயிட்டுக்கும் எழுதிக் களைத்திருந்தனர். மூன்றாவதொன்றுக்கு எழுத வருவாரில்லை. அவ்வாண்டு செப்ரெம்பரில், விற்காத கருவிகளுக்காக 90 கோடி டொலருக்கு மேல் நட்டம் எழுதி, 4,500 பேரைப் பணியிலிருந்து நீக்கினர். விற்பனவு 1,840 கோடி, 1,100 கோடி, 680 கோடி என ஆண்டுதோறும் வீழ்ந்தது. ஏறிய படிகளிலேயே இறங்கிற்று எனலாம். பின்னர் வந்த ஜோன் சென் கம்பனியை மூடாது காத்தார். 2015இல் அன்ட்ரொயிட்டில் இயங்கும் பிளாக்பெரியும் வந்தது. 2016இல் தொலைபேசி ஆக்குவதைத் தாம் நிறுத்துவதாக அறிவித்தனர். சீனக் கம்பனியொன்று அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றுச் சில கருவிகள் செய்து, 2020இல் அதுவும் ஓய்ந்தது.

வாட்டர்லூ அழிந்துவிடவில்லை. கம்பனியின் கட்டடங்கள் சிலவற்றைப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது. வேலையிழந்த பொறியியலாளர் பலர் அவ்வூரிலேயே புதிய சிறு நிறுவனங்களிற் சேர்ந்தனர். லசாரிடிஸ், கம்பனி வளர்ந்துவந்த காலத்திலேயே, கொள்கைப் பௌதிகவியலுக்கென 10 கோடி கனடிய டொலர் வழங்கிப் பெரிமீற்றர் ஆய்வு நிலையத்தை அங்கே நிறுவியிருந்தார். உலகெங்கணுமிருந்து பௌதிகவியல் அறிஞர் இன்றும் அங்கு வருகின்றனர். அவர் செல்வம் பிளாக்பெரிப் பங்குகளாகவே கிடந்திருப்பின் அதன் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது, காலத்தே கொடுத்த கொடை எஞ்சி நிற்பதைக் காண்கின்றோம்.

2022ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி பழைய பிளாக்பெரிக் கருவிகளுக்குரிய சேவைகளைக் கம்பனி நிறுத்திற்று. அன்று வரை மேசை இழுப்பறைகளிற் பேணப்பட்ட கருவிகள் பலவற்றில் விசைகள் முன்போலவே இசைவாய் இயங்கின, திரையும் ஒளிர்ந்தது. ஆயின் மடல் கொண்டுவரும் இடைநிலையம் இல்லாமையால் அவற்றுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. கம்பனியோ இன்றும் உள்ளது. தொலைபேசியைக் காப்பதற்கென்று வாங்கிய கியூ.என்.எக்ஸ். மென்பொருள் தொலைபேசியைக் காக்கவில்லை. உலகெங்கும் 20 கோடிக்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகளில் அது இயங்குகின்றது. தடுப்பும் எச்சரிக்கை விளக்கும் முகப்புத் திரையும் பல வண்டிகளில் அதன் மேற்பார்வையிலேயே உள்ளன. அவ்வண்டிகளைச் செலுத்துவோர் ஒரு கையிலே ஐபோனை வைத்துக்கொண்டிருத்தலும் உண்டு.